குட்டச் சொன்னார்கள், குட்டினேன்

அண்ணே,

காலையில் பக்கத்து வீட்டுச் சிறுமியின் முழங்காலில் டிஞ்சர் தடவினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு பாட்டில் மருந்துக்கா இந்த அழுகை என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

எழுபதுகளில் ஒரு பொங்கல். உனக்கு ஏழு வயது. அவனியாபுரத்தில் மாடு பார்க்க ஏறிய லாரியிலிருந்து தலைகுப்புற விழுந்தாய். இரண்டு நாள் நினைவில்லை. தையல் பிரித்து, தினமும் டிஞ்சர் தடவிப் புண் ஆறி, முடி வளர்ந்து தழும்பை மூடியதும், "எம்புள்ள பொழச்சுக்கிட்டான்" என்று அம்மா தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். அதோடு எல்லோரும் அதை மறந்துபோனோம்.

நான்காவதில் பெரிய கணக்குகள் வந்தபோதுதான் தடுமாறினாய். ஐந்தாவதில் ஃபெயிலாகி, ஒரு வயது இளையவளான என்னோடு உட்கார்ந்தாய். "திமிரு! வெளையாட மட்டும் அம்புட்டுத் தெம்பு இருக்கோ?" என்று அப்பா விளாசுவார். லாரியை யாரும் நினைக்கவில்லை. எனக்கு மட்டும் ஒன்று தெரியும். காலையில் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை என்னிடம் தப்பில்லாமல் ஒப்பிப்பாய். மத்தியானம் அது உன்னிடம் இருக்காது.

ஒருநாள் வாத்தியார் அதையே கேட்டார். நீ முழித்தாய், நான் சொன்னேன். சரியாகச் சொன்னவர் சொல்லாதவர் தலையில் குட்ட வேண்டும் என்பது நம் வகுப்பு வழக்கம். மெல்லத் தொட்டேன்.

"என்ன, தடவிக் குடுக்கிறியா? ஓங்கிக் குட்டு!" என்று வாத்தியார் அதட்டினார்.

குட்டினேன். தழும்பு விரலில் தட்டுப்பட்டது.

மறுநாள் தெரிந்தே "தெரியாது சார்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் நீ சண்டைக்கு வந்தாய்: "ஏ கழுத, எனக்குத்தான் மண்டையில நிக்க மாட்டேங்குது. உனக்கு நிக்குதுல்ல? சொல்லித் தொலையேன். நீ குட்டுனா எனக்கு வலிக்கவா போகுது?"

எட்டாவதோடு நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாய். நான் டீச்சரானேன். தலையில் அடிபட்ட பிள்ளைக்குச் சில வருஷம் கழித்துக்கூடப் படிப்பு தடுமாறலாம் என்று ஒரு டாக்டர் சொல்லக் கேட்டபோது எனக்கு நாற்பது வயது. அப்பா அதற்குள் போய்விட்டார்.

டாக்டர் எதற்கு? அன்றைக்கே அப்பாவிடம் நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்கும் அடி விழுமென்று பயந்து உட்கார்ந்திருந்தேன், பாவி. உன் தழும்பு இன்னும் என் விரல்முட்டியில் இருக்கிறது. உன்னிடமும் கடைசிவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ படித்தாய், அண்ணே. ஒவ்வொரு நாள் காலையிலும் படித்தாய். நான் காதால் கேட்டேன்.