பிரிக்காமல் ஏற்றிய பெட்டிகள்

ஆச்சி,

உங்கள் பெட்டிகள் நேற்றுக் காலை லாரியில் ஏறிவிட்டன. கடற்படையின் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அமராவதிபுதூர் ரோட்டில் நான் சரக்கு போட்டுவைக்கும் கிட்டங்கியின் பின் அறை இப்போது காலி.

அறையைப் பெருக்கச் சொல்லியிருந்தேன். பெருக்கிய அம்மாள் ஜன்னலோரம் இருந்த ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து வந்து, குப்பையில் போடவா என்று கேட்டாள். உள்ளே முக்கால் பாட்டில் துருப்பிடித்த குண்டூசி. மூடியைத் திறந்தேன். துருவின் வாடை, அதற்கு அடியில் இன்னும் போகாத எலுமிச்சை ஊறுகாய் வாடை. கப்பல்காரர்களின் பழைய தாள்களிலிருந்து நீங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்ட ஊசிகள். ஊசியின் துரு தாளைத் தின்னும், முதல் வேலை அதைக் கழற்றுவதுதான் என்பீர்கள். "தம்பி, இந்த இரும்பு கிலோ என்ன வெலைக்கு எடுப்பீக?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள். பழைய சாமான் வாங்கி விற்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாம் முதலில் சந்தித்தது சண்டையில். தேவகோட்டையில் உங்கள் பங்காளிகள் பொதுவீட்டை இடித்து விற்பதென்று முடிவு செய்திருந்தார்கள். தூண், கதவு, ஊஞ்சல் மூன்றுக்கும் விலை பேச வந்தேன். ஆண்கள் பேசுவார்கள் என்று நினைத்தால் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். மும்பையில் கடற்படை ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கப்பலில் போகிறவர்களா என்று நான் கேட்டுவிட்டேன். "கப்பல்ல ஏறுனதே ரெண்டு தடவைதான். ரெண்டும் கரையில கட்டிக் கெடந்த கப்பல்" என்றீர்கள்.

பிறகு பேரம். தூணையும் கதவையும் தனியாகத் தர முடியாது என்றீர்கள். ஓட்டை அண்டா, உடைந்த பெஞ்சு, உங்கள் பெரியப்பா எப்போதோ நடத்தி மூடிய அச்சகத்தின் இரும்பு ரேக்குகள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

"ஆச்சி, அந்த ரேக்கெல்லாம் எனக்கு எதுக்கு? எடைக்குப் போட்டாக்கூட ஏத்துகூலி கட்டாது."

"அப்பத் தூணும் கட்டாது. எடுத்தா மொத்தமா எடுங்க தம்பி. பொறுக்க விட மாட்டேன்."

சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பித்தளை வாங்கி மேலே வந்தவன் நான். பொறுக்கி எடுப்பதில்தான் எங்கள் லாபமே இருக்கிறது. நல்லதை எடுத்துவிட்டால் மிச்சம் யாருக்கும் வேண்டாத சரக்கு. அதைத் தெரிந்துகொண்டு ஒருவர் எதிரே உட்கார்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மொத்தமும் எடுத்தேன். ரேக்குகள் விலைபோகாமல் கிட்டங்கியில் கிடந்தன.

சில மாதம் கழித்து நீங்களே கடைக்கு வந்து, பின் அறையை வாடகைக்குக் கேட்டீர்கள். ரேக்குகளும் அங்கேயே நிற்கட்டும் என்றீர்கள். எதற்கு என்றதற்கு நீங்கள் சொன்னது அன்று எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. கடற்படை தன்னைப் பற்றி எழுதிவைத்தது அதன் அலுவலகங்களில் இருக்கிறது. கப்பலில் இருந்தவன் ஊருக்குத் திரும்பும்போது தகரப்பெட்டியில் கொண்டு வந்தது அங்கே இல்லை. அவன் போனபிறகு வீட்டார் போகிக்குக் கொளுத்துகிறார்கள், அல்லது பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிறார்கள். அதை வாங்கிச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, ஒருநாள் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க் கேட்டீர்கள். காப்பகத்துக்குப் போகும் என்று சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டிலும் வாங்கினீர்கள்.

ஒழுங்குபடுத்துவது என்றால் படம் ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம் என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் எதையும் பிரிக்கவில்லை. ஒருவர் பெட்டியில் எது மேலே, எது கீழே இருந்ததோ அதே வரிசையில் அட்டைப்பெட்டிக்கு மாற்றினீர்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சிலால் ஓர் எண். பேனா ஆகாது. ரப்பர் பேண்டு ஆகாது, பருத்தி நாடாதான். பூச்சிக்கு என்று நான் வேப்பிலை கொண்டு வந்தபோது, காய்ந்த இலையே பூச்சிக்குச் சோறு என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

பொறுமை தாங்காமல் ஒருநாள் கேட்டேன். கடையை இப்படி ஆள்வாரியாக அடுக்கினால் ஒரே வருசத்தில் மூட வேண்டியதுதான் என்றேன்.

"ஒங்க கடையில ஒரு செம்பக் காட்டி, இது யாரு வீட்டுச் செம்புன்னு கேட்டாச் சொல்லுவீகளா?"

"சொல்ல மாட்டேன். சொன்னா வெல கொறையும்."

"எனக்குச் சொன்னாத்தான் வெல."

நாட்டரசன்கோட்டைக்காரர் ஒருவரின் பெட்டியைக் காட்டினீர்கள். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். தினப்படி அரிசி, கோதுமை மாவு, வெங்காயம் வாங்கிய சீட்டுகளை ஏனோ பத்திரமாக வைத்திருந்தார். அவற்றுக்கு நடுவே ஒரு போட்டோ. கப்பல் தளத்தில் ஏழெட்டுப் பேர் கைலியோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள். பின்பக்கம் ஓர் எழுத்துகூட இல்லை. போட்டோவைத் தனியே எடுத்தால் அது யாரோ, எந்தக் கப்பலோ. அந்தச் சீட்டுகளின் நடுவே இருக்கும்வரை கப்பலின் பெயர் சீட்டின் தலைப்பிலேயே இருக்கிறது, மாதமும் இருக்கிறது, உரித்த வெங்காயத்தின் அளவுகூட இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆனாலும் வாடகையில் ஒன்றும் குறைக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் கடைசியாகப் பேசியது போனில். உங்கள் அண்ணன் மகன் போன் போட்டு உங்களிடம் கொடுத்தார்.

"பெட்டிகள மட்டும் யாரையும் பொறுக்க விட்றாதீக தம்பி."

"வாடகைய யாரு தருவா ஆச்சி?" என்றேன்.

"நான் ஒங்க தலையில கட்டுன ரேக்கு, இத்தன வருசமா ஒங்களுக்கு வாடகை சம்பாதிச்சுக் குடுத்துச்சுல்ல. கணக்கு நேராப் போச்சு."

நீங்கள் போனபின் நடந்த காரியத்துக்கு நான் தாமதமாகத்தான் வந்தேன். அன்று ஒரு லோடு இறங்க வேண்டியிருந்தது. பெட்டிகளை என்ன செய்வதென்று உங்கள் அண்ணன் மகனிடம் கேட்டதற்கு, அத்தைக்கும் உங்களுக்கும்தானே பேச்சு, நீங்களே பார்த்து முடியுங்கள் என்றார்.

முதலில் வந்தவர் ஹோட்டல்காரர். பழைய வீடு ஒன்றை வாங்கி வெளிநாட்டு விருந்தினர்களுக்காகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். சுவரில் மாட்டக் கப்பல் போட்டோக்களும் தொப்பிகளும் வேண்டும் என்றார். நல்ல விலைதான் சொன்னார். கேட்ட உடனே மறுத்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டு, மொத்தமும் எடுப்பீர்களா என்று கேட்டேன். "பேப்பரையெல்லாம் வச்சு நான் என்ன பண்ண?" என்றார். அதோடு முடிந்தது. காப்பகத்துக்கு அன்றைக்கே எழுதினேன்.

அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஓர் அதிகாரி, நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவரோடு ஆவணங்களைப் பதிவு செய்கிற ஓர் இளம்பெண். அதிகாரி பெட்டிகளைத் திறந்து பார்த்து, போர்க்காலத்துக் கடிதங்கள், கப்பல் படங்கள் என்று மேசைமேல் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே போனார். சமையல்காரரின் வெங்காயப் படமும் மேசைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் தாளோரத்து எண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சார், இதைப் பிரிக்கக் கூடாது, செய்தவங்களுக்கு வேலை தெரிஞ்சிருக்கு என்றாள்.

அவருக்கும் தெரியாமல் இல்லை. என்னிடம் வெளிப்படையாகவே பேசினார்.

"அண்ணாச்சி, பிரிக்கது தப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா அங்க எனக்குத் தந்திருக்கது வெறும் ரூம். ரேக்கு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன், வர நாளாவும். அதுவரைக்கும் இத்தன பெட்டியையும் தரையிலயா வைக்க முடியும்? முக்கியமானத இப்பம் கொண்டுபோறேன். மிச்சத்துக்குப் பெறவு வாறேன்."

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் மிச்சத்தைப் பிறகு வந்து எடுக்கிறேன் என்று சொன்ன எந்த வியாபாரியும் திரும்பி வந்ததில்லை. நானே வந்ததில்லை.

ரேக்குகளைப் பார்த்தேன். இரும்பு விலை முன்பு போல இல்லை, இன்று எடைக்குப் போட்டால் ஏற்றுகூலி போக நல்ல காசு நிற்கும். அந்தக் கணக்கை மனதில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பிறகு பேரத்தைத் தொடங்கினேன்.

"ரேக்கையும் நானே தாரேன் சார். எடுத்தா மொத்தமா எடுங்க. பொறுக்க விட மாட்டேன்."

அவர் சிரித்தார். "ரேக்குக்கு என்ன கேக்கிய?"

"ஒண்ணும் வேணாம். ஆனா பெட்டி இதுலதான் இருக்கணும், இதே வரிசையில."

கொஞ்ச நேரம் தலைமை அலுவலகத்தோடு போனில் பேசினார். அந்தப் பெண் அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. மேசைமேல் இருந்ததை எண் பார்த்து அந்தந்தப் பெட்டியில் திரும்ப வைக்கத் தொடங்கிவிட்டாள். வெங்காயப் படம் சீட்டுகளுக்கு நடுவே போய்விட்டது. பிறகு ரேக்குகளைக் கழற்றினோம். எந்தத் தட்டு எங்கே என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டாள். உங்களைப் பற்றி ஏதும் கேட்கவில்லை. அறையைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். செம்பு யாரு வீட்டுச் செம்பு என்று இப்போதும் சொல்வதில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. ஒரு வீட்டில் சாமான் எடுக்கப் போனால், எதையும் நகர்த்துவதற்கு முன்னால் எது எங்கே இருந்தது என்று அறைவாரியாகப் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். யார் கேட்கப் போகிறார்கள் என்று தெரியாது. எடுத்துவைக்கிறேன்.

பேசி முடித்தது இது. பெட்டிகள் மொத்தமும் போகும், உங்கள் வரிசை கலையாது. ரேக்குகள் பெட்டிகளோடு சேர்ந்தவை, பிரிப்பதில்லை. கொடுத்த குடும்பங்கள் எப்போது வந்து கேட்டாலும் அவரவர் பெட்டியைக் காட்ட வேண்டும். விலை கிடையாது, ரசீது உண்டு, அது உங்கள் பெயரில். லாரி வாடகை அவர்களுடையது, ஏற்றுகூலி என்னுடையது. குண்டூசிப் பாட்டில் பேச்சிலேயே வரவில்லை. அது என் கல்லாப் பக்கத்தில் இருக்கும்.