பாம்பு கண்ணில் படாதிருக்க அப்பா செய்த வழிபாடு

மட்டாஞ்சேரி,
ஞாயிறு காலை

அன்புள்ள ஸுப்ரியாவுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், கொசுக்கள் பரம சுகம். அங்கே நீயும், இன்னும் உன்னிடம் அகப்படாத அந்தப் பாம்பும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

முன்பு வகுப்பில் ஒரு பெண், டீச்சரே, பாம்புக்குக் குளிருமோ என்று கேட்டாள். நாம் கம்பளி தேடுவதுபோல அது வெயிலைத் தேடும், ஆகவே குளிர்மலையில் பாம்பைத் தேடுகிறவர் மீன்கடையில் மல்லிகைப்பூ கேட்கிறவர் மாதிரி என்று விளக்கினேன். இப்போது என் மகளே அருணாசலத்து மூங்கில் காட்டில், மேகத்துக்குள் நின்றுகொண்டு, இரண்டு மழைக்காலமாக மல்லிகைப்பூ கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாசி பிடித்த கட்டையும் அந்தப் பாம்பும் ஒரே நிறம் என்கிறாய். பெற்றவளுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன வேண்டும்?

இந்த மழைக்குள் ஒன்றையாவது காணாவிட்டால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள் என்று போனில் அழுதாயே, காரணம் கண்டுபிடித்துவிட்டேன். உன் அப்பாதான். நீ போன நாள்முதல் ஆயில்யந்தோறும் சர்ப்பக்காவில் நாகர்களுக்கு மஞ்சளும் மாவும் பாலும் கலந்து படைக்கிற நூறும் பாலும் வழிபாட்டை உன் பேருக்கு நடத்துகிறார். என்னவென்று வேண்டிண்டேள் என்று கேட்டால், வேறென்ன, பாம்பு குழந்தை கண்ணிலே படப்படாதுன்னுதான் என்கிறார். அவள் வேலையே பாம்பைப் பார்க்கறதுதானே என்றேன். மனுஷர் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, கடிச்சா என்ன பண்ணுவா மீனாக்ஷி என்றார், அவ்வளவுதான்.

விஷமுறிவு மருந்து கூடவே இருக்கிறது என்று நீ சொன்னதைப் பள்ளுருத்தி டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அது நாலு ஜாதிப் பாம்புக்கு உண்டாக்கினது, உங்கள் மகள் தேடுகிற மலை விரியன் அதில் இல்லை டீச்சரே என்றார். மழைக்கு விசிறி எடுத்துப் போயிருக்கிறாய், சமர்த்து. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இந்த ஆயில்யத்துக்கு நானே போய் வேண்டுதலைத் திருத்திவிட்டு வந்தேன். அவள் பார்க்கட்டும், அதுவும் அவளைப் பார்க்கட்டும், நடுவில் பத்து முழம் இருக்கட்டும் என்றேன். பூஜை செய்கிற திருமேனி சிரித்துவிட்டு, அப்போ அவளோட அச்சன் பிரார்த்திச்சதோ என்றார். அதையும் தள்ளவேண்டாம், பாம்பு பக்கத்தில் வரப் பார்த்தால் மட்டும் நாகர் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

தீர்க்காயுளோடு இரு. வேளைக்குச் சாப்பிடு. வழியில் விழுந்த மரம் கிடந்தால் ஒரே எட்டில் தாண்டாதே. அதன்மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் காலை வை.

அன்புடன்,
அம்மா மீனாக்ஷி