படகுத்துறையில் என் பெயர்

1996 மாசி, ஞாயிறு இரவு.

இன்று மகனின் கார் இல்லாமல், நானும் மனைவி பரமேசுவும் தனியாகக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் டெவன்போர்ட் போய் வந்தோம். வீடு இருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து பஸ், பிறகு படகு, பிறகு மூச்சு வாங்க வைத்த ஒரு குன்று. உச்சியில் உட்கார்ந்து புட்டுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். இறங்கும்போது இருவருக்கும் கால் உளைந்தது.

திரும்பும் படகுக்கு முன் கழிப்பறைக்குப் போய் வந்தேன். அவளைக் காணவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் வராது, வீட்டு விலாசமும் என் பையில்தான் இருந்தது. துறை முழுவதும் தேடினேன். கடைசியில் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் அவளுடைய சேலை தெரிந்தது.

ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிடுவதற்காக, உள்ளே இருந்த வெள்ளைக்காரப் பெண் என் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பரமேசு, "ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்" என்றே சொல்லிக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளில் இருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. எப்போதும் "இஞ்சேருங்கோ" தான். நான் சத்தம் போடாமல் பின்னால் போய் நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "செல்லத்துரை" என்றாள்.

"ஓம், வந்திட்டன்" என்றேன்.

"பின்னால நிண்டு கேட்டுக்கொண்டோ இருந்தனீங்கள்? கடலுக்க விழுந்திட்டீங்களோ எண்டு எனக்கு உயிரே போச்சு!"

"இன்னொருக்காச் சொல்லன்."

"ஆசையைப் பார். பேசாம நடவுங்கோ."

படகில் என் கையை அவள் விடவே இல்லை. மகனிடம் இதைச் சொல்லக்கூடாதாம். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. இந்த வயதில்தான் எழுதப் படித்த எனக்கு இப்போது எழுத வரும் என்பது அவள் மனதில் இன்னும் பதியவில்லை.