கோட்டை பார்க்கப் போகும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, உன் வாலுப் பையன் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே என் காலும் நலம், வாலும் நலம்.

வேலைக்கு வந்தபின் உன்னை முதல்முறையாகப் பார்க்கப்போகிறேன் என்று, நம் இரண்டு நாள் பயணத்துக்கு எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ரயிலடியில் உன்னைப் பிடித்து, கடைத்தெருவில் வயிறு முட்டச் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்குப் போவதாக இருந்தது. என்னால் வர முடியாதம்மா.

பெரிதாக ஒன்றும் இல்லை. ஓட்டல் சலவைக்கூடத்தில் நான் மேனேஜர் குரலில் போன் செய்து, "எல்லாருக்கும் லீவு" என்று மேஸ்திரியை அடிக்கடி ஏமாற்றுவேன். நேற்று எனக்கு லீவு கொடுக்க மேனேஜரே போன் செய்தார். மேஸ்திரியோ, "டேய் வாலு, உன் குரல் எனக்குத் தெரியாதா? போய் பெட்ஷீட்ட அலசுடா" என்று அவரையே விரட்டிவிட்டார். கோபத்தில் மேனேஜர் கொடுக்க வந்த லீவும் போச்சு. "என்னாலதான்டா தம்பி" என்ற மேஸ்திரி அதன்பின் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நான் சிரித்து வைத்தேன்.

நீ டிக்கெட்டை ரத்து செய்யாதே. சித்தியைக் கூட்டிக்கொண்டு போ. கோட்டையில் படிகள் அதிகம், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறு. என் பங்குச் சாப்பாட்டைச் சித்தி பார்த்துக்கொள்வாள், அதற்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

எனக்காக வாங்கிய சட்டையைத் தபாலில் அனுப்பு. கூடவே உன் தலையணை உறை ஒன்று. இங்கே மலை மலையாக உறைகள் உண்டு, எல்லாம் சோப்பு வாசனை. உன்னுடையதைத் துவைக்காமல் அனுப்பு.

மேஸ்திரி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் வாலு