செல்வராஜ் பேருக்கு வந்த பிரேக் கடிதம்

அன்புள்ள செல்வராஜ் மச்சான்,

உன் பேருக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நீ போய் நாலு மாதம் கழித்து வந்தது. பைக் கம்பனி அனுப்பியிருக்கிறது. உன் மாடலில் முன் பிரேக்குக்கு எண்ணெய் போகிற குழாய் வெடிப்பு விடுகிறதாம். கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவார்களாம்.

பிரித்தது உன் வீட்டுக்காரி விஜிதான். என் கூடப்பிறந்த தங்கச்சி, நீ போன நாளிலிருந்து இந்தக் கடிதம் வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அன்று காலை அந்த பிரேக்கைப் பார்த்து அனுப்பியவன் நான்தானே.

"முன் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குதுடா" என்று பதுளையில் என் கராஜ் வாசலில் வந்து நின்றாய். குழாய்க்குள் காற்றுப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். காற்றை எடுத்து, எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். நீ பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வேலைக்குக் கிளம்பிப் போனாய்.

பின்னேரம் திரும்பி வரும்போது, இறக்கத்து பஸ் ஹோல்ட்டில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் நின்றிருக்கிறார்கள். "பிரேக் இல்ல, ஒதுங்குங்க!" என்று கத்திக்கொண்டே பைக்கை மலைப்பக்கம் வெட்டித் திருப்பினாயாம். அவர்களில் ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை; நீ மட்டும்தான் போய்விட்டாய். அவர்களே வந்து சொன்னார்கள். ஆனாலும் பொலிஸ் அதிவேகம் என்றுதான் எழுதியது.

கடிதத்தோடு விஜி கராஜுக்கு வந்தாள்.

"அண்ணே, இத வாசிச்சுப் பாரு."

வாசித்தேன்.

"அப்ப உன் மேல பிழை இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கடிதமே அப்படித்தானே சொல்கிறது? எனக்கு வாய் வரவில்லை, மச்சான்.

"அன்னைக்கு குழாய் ஓரத்துல ஈரம் இருந்திச்சு விஜி. நான் ஊத்தறப்ப சிந்தினதுன்னு நெனச்சு துடைச்சுட்டேன்."

உன்னிடமும் இதை இப்போதுதான் சொல்கிறேன். கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

விஜி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"இதே பைக் இந்தப் பக்கம் எத்தன ஓடுது?"

"தெரியல. மொதல்ல வாங்கினவங்க பேருக்குத்தான் கடிதம் போகும். கைமாத்தி வாங்கினவங்களுக்கு விஷயமே தெரியாது."

"அப்ப நாமதான் போய்ச் சொல்லணும்."

அவளே தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் எழுதினாள். பெட்ரோல் ஷெட், சந்தை, பஸ் ஸ்டாண்ட் என்று ஒட்டிக்கொண்டு வருகிறோம். போன வாரம் ஹல்துமுல்லையிலிருந்து ஒரு தபால்காரர் அதே மாடல் பைக்கோடு வந்தார். குழாயை வளைத்துக் காட்டினேன். வெடிப்பு வாயைத் திறந்தது. மனிதர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போனார்.

பொலிஸிலும் கடிதத்தின் நகலைக் கொடுத்திருக்கிறாள். எழுதியதை மாற்ற முடியாது, ஃபைலில் சேர்க்கிறோம் என்கிறார்கள். அவள் விடுவதாக இல்லை.

என்னோடு இன்னும் பைக் விஷயம் மட்டும்தான் பேசுகிறாள். நேற்று கிளம்பும்போது மட்டும், திரும்பிப் பார்க்காமலே, "சாப்டியாண்ணே?" என்றாள்.

வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டக்காரர்களிடம் இதே மாடலில் இன்னும் மூன்று பைக் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். அந்த மூன்று பேரையும் கண்டுபிடிக்காமல் திரும்ப மாட்டேன், மச்சான். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உன் விஜிக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
கணேசன்
பதுளை