குண்டின் சேதாரம்

ஒக்ரோபர் 22, புதன்

காலையில் மழை. பிறகு புழுக்கம். கந்தசஷ்டி முதல் நாள். ஆறு நாளும் வீட்டில் மரக்கறி. அம்மாவுக்குப் பாலும் பழமும் மட்டும்.

செய்ய வேண்டியவை:
- நான் வேலை செய்யும் கடையில் மிஞ்சிய இலவசத் தமிழ்ப் பேப்பர்களைக் கேட்க. (கேட்டேன்! வாயைத் திறந்து! "எல்லாத்தையும் கொண்டு போ பிள்ளை, கடைக்கு இடம் மிச்சம்" என்றார் முதலாளி அங்கிள். எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்.)
- மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பெட்டி
- சித்தப்பாவுக்கு மெசேஜ்: சனி நிச்சயமா?

ஜூலையில் சித்தப்பா வேட்டையாடிக் கொண்டுவந்த காட்டாட்டு இறைச்சிக் கறியில் அம்மா எதையோ கடித்து, கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை போனது. சித்தப்பா இன்றுவரை "எலும்புதான் அண்ணி" என்கிறார். எலும்பு அவ்வளவு பளபளக்காது. உடைந்த குண்டின் ஈயம். அன்றிலிருந்து வேட்டை இறைச்சி வீட்டுக்குள் வரக்கூடாது. நானும் அவரோடு பண்ணைக்கு வேட்டைக்குப் போகக்கூடாது. என் சிறுவர் துப்பாக்கி அனுமதி அட்டை மேசை லாச்சிக்குள் சும்மா கிடக்கிறது.

நேற்று அம்மா கொஞ்சம் இறங்கி வந்தார். "உடையாத குண்டெண்டு ஒண்டு இருந்தாக் காட்டு. பிறகு பாப்பம்."

அம்மாவின் "பாப்பம்" அரைவாசி ஓம்.

ஊறிய கடதாசிக் கட்டு இறைச்சி மாதிரி. அதற்குள் சுட்டால் குண்டு விரிந்து உள்ளேயே நின்றுவிடும். தோண்டி எடுத்து நிறுத்தால் எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு சிதறியது என்று தெரியும். சோதனைக்கு இரண்டு வகை. ஒன்று, சித்தப்பா மலிவு விற்பனையில் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருக்கும் ஈயக் குண்டு. மற்றது முழுக்கச் செம்பு. என் சம்பளத்தில், சித்தப்பாவின் பெயரில் வாங்கியது.

செம்பு வெல்ல வேண்டும். வென்றால் சனிக்கிழமைகள் திரும்பி வரும்.

ஒக்ரோபர் 23, வியாழன்

அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னமே பேப்பர் கட்டைக் கண்டார்.

"முழுக்கத் தீபாவளி வாழ்த்து. லட்சுமி, பிள்ளையார், முருகன். சஷ்டியில முருகனையே சுடப் போறியள்?"

அம்மா குசினிக்குள் இருந்து: "சுடுறதெண்டாச் சுடுங்கோ. சாமியை எடுத்துப்போட்டுச் சுடுங்கோ."

அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சாமியையும் ஓரம் பிசகாமல் வெட்டிச் சப்பாத்துப் பெட்டிக்குள் அடுக்கினார். சட்டத்தரணி விளம்பரம் ஒன்றில் கைகூப்பி நின்ற ஒருவரையும் வெட்டினார்.

"அது சாமி இல்லையப்பா."

"கும்பிட்டுக்கொண்டு நிக்கிற மனிசனை எப்பிடிச் சுடுறது?"

படுக்கும்போதும் சிரிப்பு வந்தது.

ஒக்ரோபர் 24, வெள்ளி

விடியவே கூச்சல். அம்மா விரதக் குளிப்புக்குப் போனால் தொட்டிக்குள் பேப்பர் ஊறுகிறது.

"நான் எங்க குளிக்கிறது?"

அப்பா போர்வைக்குள் இருந்து: "வாளியில அள்ளிக் குளியும்."

"எழும்பி வந்து அள்ளித் தாருமன் அப்ப!"

தேங்காய் விலை ஏறியிருக்கிறது. கடைக்குள் ஒரு பூனை வந்து அரிசி மூட்டையில் தூங்கியது. துரத்தவில்லை.

ஒக்ரோபர் 25, சனி

கோல்பேர்ன் தாண்டிச் சித்தப்பாவின் சிநேகிதர் டொமின் பண்ணை. குளிர் காற்று, வெள்ளை வெயில். அப்பாவும் வந்தார், லீவு நாள். சோதனைக்கு மட்டும் அம்மாவின் அனுமதி.

காதுமூடி போட்டால் எனக்கு நிம்மதி. போட்டிருக்கும் ஆளிடம் யாரும் "என்ன படிக்கிறீர்?" என்று கேட்க முடியாது.

மண் மேட்டின் முன் பெட்டி. முதலில் ஈயம். கட்டின் இடது பக்கம் குறி வைத்துச் சுட்டேன். கடதாசியைப் பிரித்தால் தாளுக்குத் தாள் சாம்பல் நிறத் துணுக்குகள். அடியில் நசிந்த ஒரு கட்டி. சித்தப்பா ஒரு துணுக்கை நகத்தால் எடுத்து வெயிலில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். எலும்பு என்று சொல்லவில்லை.

பிறகு செம்பு. நடுவில் சுட்டேன்.

பெட்டிக்குள் குண்டே இல்லை! பின்பக்கம் ஓட்டை. நேரே மண்மேட்டுக்குள் போய்விட்டது. சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. "பாத்தியா? உன்ர செம்பு நிக்கவே இல்லை! சும்மா துளைச்சுக்கொண்டு ஓடுது!"

இவ்வளவு தடித்த பேப்பர் கட்டை எப்படித் துளைத்தது? ஒவ்வொரு தாளாகத் தூக்கினேன். மேலே பத்துப் பன்னிரண்டு தாள் சுப்பர்மாக்கெற் விளம்பரம், ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே நடுவில் பள்ளம். அதற்குக் கீழும். அதற்குக் கீழும். எல்லாப் பேப்பரிலும் வாழ்த்துப் படம் பக்கத்தின் நடுவில்தானே போடுவார்கள். அப்பா வெட்டிய சாமிகளின் இடமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து, கட்டின் நடுவே ஒரு சுரங்கம். குண்டு அதற்குள்ளால் சொகுசாகப் போயிருக்கிறது.

சித்தப்பா மண்ணில் குந்திவிட்டார். "அண்ணை! முருகனை எடுத்தனீங்கள் சரி. குண்டுக்கு ரோட்டையும் எல்லோ போட்டுக் குடுத்திட்டீங்கள்!"

அப்பா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "வடிவா வட்டமா வெட்டியிருக்கிறன், என்ன?"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டொம் வீட்டுக்குள் இருந்து வெளியே வந்து பார்த்தார்.

தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பி, ஓட்டைகளைக் கலைத்து அடுக்கினோம். மறுபடி சுட்டேன். நின்றது! தோண்டி எடுத்தபோது இன்னும் இளஞ்சூடு. முனை நாலு இதழாக விரிந்த செம்புப் பூ. ஒரு இதழும் முறியவில்லை.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

வெயில். குசினித் தராசு இவ்வளவு சின்ன நிறைக்கு உதவாது. விரத நாளில் அம்மா அதைத் தொடவும் விடமாட்டார். லிட்கமில் வீட்டிலேயே நகை விற்கும் வசந்தி அன்ரியிடம் பொன் தராசு இருக்கிறது. தனியே போனேன். ரயிலில் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே.

கதவு திறந்ததும் வசனம் போய்விட்டது. கையை நீட்டினேன்.

"இதென்ன பிள்ளை, ஜிமிக்கியோ?"

"குண்டு, அன்ரி. சுட்டது."

அன்ரி ஒரு அடி பின்னுக்கு. பிறகு இரண்டு அடி முன்னுக்கு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தராசைத் துடைத்து, ஒவ்வொரு வகையிலும் சுடாததை ஒருதரம், சுட்டதை ஒருதரம் வைத்தார். ஈயத்தில் மிஞ்சியது அரைவாசிக்கும் குறைவு. செம்பு கிட்டத்தட்ட அப்படியே. நம்பாமல் திரும்பவும் வைத்தார்.

"சேதாரமே இல்லையே! எங்கட நகை செய்யிற பத்தருக்கு இதைக் காட்ட வேணும்."

அப்புறம் அந்தக் கேள்வி. "இப்ப என்ன படிக்கிறீர்?"

"படிக்கேல்லை, அன்ரி. கடையில வேலை."

"நல்லது. ரீ குடிப்பீரோ?"

அவ்வளவுதான். உலகம் இடியவில்லை. ரீயில் சீனி கூட.

ஒக்ரோபர் 27, திங்கள்

மேய்ஸ் ஹில் கோயிலில் சூரன்போர். கார் நிறுத்த இடமில்லை. மேளம், தூசி, தோளில் குழந்தைகள்.

கூட்டத்துக்குள் சித்தப்பா என் காதில்: "மகள், அண்ணி விட்டாலும் இந்தமுறை பழைய ஈயக் குண்டுப் பெட்டியைப் பாவிச்சு முடிப்பம். அடுத்தமுறை செம்பு. சும்மா எறியிறதே? அண்ணிக்குச் சொல்லாத."

தலையாட்டிவிட்டு இருக்கலாம். வழக்கமாக அதைத்தான் செய்வேன். அம்மாவின் பல் நினைவுக்கு வந்தது.

"இல்லை" என்றேன். சத்தமாக. அதே நேரம் மேளம் நின்றது.

முன்னால் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். அம்மாவும்.

"என்ன இல்லை?"

காது கொதித்தது. காதுமூடியும் இல்லை. ஆனால் சொன்னேன். ஈயம் எப்படிச் சிதறியது, செம்பு எப்படி நின்றது, அன்ரியின் தராசு என்ன காட்டியது, பழைய பெட்டியை இறைச்சிக்குப் பாவிக்கவே கூடாது. எல்லாம். தெரியாத ஒரு மாமா "பிறகு?" என்று கேட்டார்.

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். "எலும்பு. என்ன தம்பி?"

சித்தப்பா சூரனைப் பார்த்தார்.

"சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கோ. அந்தப் பழைய பெட்டி வெளியில வரக்கூடாது" என்றார் அம்மா.

வேல் பாய்ந்தது. நான் பார்க்கவில்லை. சந்தோசத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 1, சனி

டொமின் பின்காணி. காட்டாடுகள் வேலியை உடைத்து அவருக்குப் பெரிய தொல்லை. நெடுநேரம் புல்லில் படுத்திருந்தோம். எறும்பு. ஒரே ஒரு சூடு, என்னுடையது. ஆடு நின்ற இடத்திலேயே விழுந்தது. சித்தப்பா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தார்.

இறைச்சியை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். சுத்தம்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. வீடு முழுக்கக் கறி வாசம். அம்மாதான் சமைத்தார், எங்களை உள்ளே விடாமல். சித்தப்பா இடியப்பத்துடன் வந்தார்.

அம்மா முதல் துண்டை வாயில் வைத்தார். நாங்கள் மூவரும் சாப்பிடவில்லை. மெல்ல மெல்ல, பல் போன பக்கத்தாலேயே சப்பினார்.

நிறுத்தினார். வாய்க்குள் இருந்து எதையோ எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்தார். சின்னது. கறுப்பு.

சித்தப்பா கண்ணை மூடினார்.

"கராம்பு" என்றார் அம்மா. "முகங்களைப் பார்! என்னத்துக்கு இப்பிடிச் செத்துப்போய் இருக்கிறியள்? சாப்பிடுங்கோ."

பிறகு, கோப்பையை என் பக்கம் தள்ளி: "தொடைப்பக்கம் ரெண்டு துண்டு போடு. அடுத்தது எப்ப போறியள்?"