அக்கா என்றதால் வந்த வினை

ஒத்தக்கடை, மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சரண்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, எனக்குத்தான் உன் போன் வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன், இரண்டு தரம் பால் பொங்கி வழிந்துவிட்டது. போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நீ அம்மாவிடம் பேசுகிற மாதிரியா பேசினாய், சாட்சியை விசாரிக்கிற மாதிரி அல்லவா, ஜெயபாண்டி யார், எப்போதிலிருந்து தெரியும், என்ன உறவு என்று கேட்டாய். எனக்கு வாய் குழறிவிட்டது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெயபாண்டி பக்கத்து வீட்டு அன்னக்கொடியின் மகன். நீ கனடா போன பிறகுதான் அவர்கள் இந்தத் தெருவுக்கே வந்தார்கள், நீ அவனைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே படிக்க வந்தவன் விசா முடிந்தும் தங்கிவிட்டான் என்று திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். அந்த வழக்கு நீதிபதியான உன்னிடமே வரும், அவன் விலாசத்தில் நம் தெருவே இருக்கும் என்று யார் கண்டது. உன்னைப் பார்த்ததும் அவன், அக்கா, கொஞ்சம் பாருங்கக்கா என்றானாம், அந்த மொழிபெயர்ப்பாளர் மகராசன் அதை என் உடன்பிறந்த மூத்த சகோதரி என்று இங்கிலீஷில் சொல்லிவைத்தாராம். நீ சொன்னபோது சிரித்துவிட்டேன், அதற்கும் கோபித்துக்கொண்டாய். மாட்டுத்தாவணியில் பூ விற்கிறவளும் இங்கே அக்காதான், பஸ்ஸில் இடம் கேட்கிறவளும் அக்காதான். நீ மதுரை கோர்ட்டில் வக்கீலாக இருந்தபோது டீ கொண்டுவருகிறவர் உன்னை வக்கீலக்கா என்றுதானே கூப்பிட்டார். ஆனால் இப்போது சிரிப்பு போய்விட்டது. வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றியாகிவிட்டது, ஆணையர் பதவிக்கு உன் பெயர் போயிருக்கிற நேரத்தில், சொந்தத் தம்பி வழக்கை விசாரிக்க உட்கார்ந்தவள் என்று எவனோ புகார் வேறு எழுதிவிட்டான். இங்கே வாங்கிய பட்டம் அங்கே செல்லாது என்றார்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி பரீட்சை எழுதி வக்கீலானாய், நீதிபதியானாய். அத்தனையும் ஒரு அக்காவில் போய்விடுமா.

உறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று சொல்லிவிட்டாய். உண்மைதான், ஒரு சொந்தமும் இல்லை. இதுக்கு என்ன இம்புட்டு யோசனை என்று அப்பா சத்தம் போடுகிறார். எனக்குக் கை வரவில்லையே. நான் அன்னக்கொடியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன், கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குச் சொட்டு மருந்து விட்டவள் அவள்தான். அவள் மகன் அங்கே கதி தெரியாமல் நிற்கிறான், நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் யாரோ என்று எழுதுவதா. கடைசியில் அவளையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இதனால என் மகனுக்குக் கெடுதல் வருமாக்கா என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்படியே எழுதுங்க, ஆனா அவன் பொய் சொல்லலை, மரியாதைக்குத்தான் அக்கான்னு சொன்னான், அதையும் சேர்த்து எழுதுங்க என்றாள். எழுதினேன். சாட்சியாக அவளே கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தாள் இதோடு இருக்கிறது, அதை மட்டும் காட்டு. பதவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ தலை நிமிர்ந்து இருக்க வேண்டும், கள்ளழகர் துணையிருப்பார். வெளியே போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொள், முடிவு தெரிந்ததும் அகாலம் என்று பார்க்காமல் கூப்பிடு. இன்னொன்று. உறவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது அன்னக்கொடி திரும்பி, நம்ம மகளுக்கு ஒன்னும் ஆயிராதுல்லக்கா என்று கேட்டாள். அவள் கேட்டது உன்னைப் பற்றித்தான். இதை மட்டும் அங்கே யாரிடமும் மொழிபெயர்க்கக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா (பெற்றவள்),
தமிழ்ச்செல்வி